ஜன்னலைத் தொறந்து வெச்ச அக்கா

...அழக்கூடாதுன்னு நெனச்சுக்கிட்டேதான் மேடை ஏறினேன், பாருங்க, முடியல. நீங்களே சொல்லுங்க, எப்படி முடியும்? சங்கத் தலைவரே, மேனேஜர் ஐயா, கீழ உட்கார்ந்திருக்கிற என் கூடப் பொறக்காத பொறப்புகளே, எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. வாயை மூடவும் வராது, அது உங்களுக்கே தெரியும்.

கரண்டை மிச்சம் பண்ற பல்பு செய்யற நம்ம கம்பெனியோட சூப்பர்வைசர், நம்ம ஜன்னல் அக்கா, போய்ச் சேர்ந்துட்டாங்க! அந்தப் பேரு எப்படி வந்துச்சு? காத்து பட்டா கண்ணாடியை உருக்குற பர்னர் தீ ஆடுதுன்னு, பல்புக்குள்ள பாதரசம் விடற ரூம் ஜன்னலைச் சாத்தி வெப்பாங்க. அக்கா வந்ததும் முதல் வேலை அதைத் தொறக்கறதுதான். "வெளியில யாரைக்கா பாக்கறீங்க?"ன்னு கேலி பண்ணுவேன். "உன் மாமியார் வர்றாளான்னுதான்டி. நீ மூச்சை நல்லா இழுத்து விடு"ம்பாங்க.

அந்த பல்பை அக்கா ஒருநாளும் திட்டினதில்ல. "கரண்டுக்காகக் கரி எரிக்கறது குறையுது, எங்கேயோ நாலு புள்ளைங்க நல்ல காத்தை சுவாசிக்குது, புண்ணியம்டி"ம்பாங்க. நெசந்தான். எங்க வீட்டுலயும் அதான் எரியுது, கைக்குழந்தை, எம் பேத்தி, அந்த வெளிச்சத்தைப் பாத்துத்தான் சிரிக்கறா. ஆனா அந்தப் புண்ணியத்துக்கு யாரு கை நடுங்குச்சு? அக்கா தண்ணி டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிச்சும் சிந்துச்சே, பாத்தீங்கள்ல? ஈறு வீங்கி, கிட்னி போயி... "பாதரசந்தாம்மா"ன்னு டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. அன்னிலேருந்து சாமி கும்புடறதுக்கு முன்னாடி என் கையைத்தான் நீட்டிப் பாக்கறேன். ஆண்டவன் மன்னிக்கணும். நீங்களும் பாக்கறீங்கதானே? பொய் சொல்லாதீங்க!

மேனேஜர் ஐயா, கோவிச்சுக்காதீங்க. பல்பை நிறுத்தச் சொல்லல. அந்தப் பாதரச ஆவியை உறிஞ்சி வெளிய தள்ளுற மெஷின் வைங்கன்னுதான் சொல்றேன். அதுவரைக்கும், நாளையிலேருந்து ஜன்னலை நான் தொறப்பேன். தீ ஆடினா ஆடட்டும்! யாரு என்கூட நிப்பீங்க? கையைத் தூக்குங்க. நடுங்கினாலும் பரவால்ல, தூக்குங்க!

அக்கா சொன்னது இன்னொண்ணு. "ஏப்ரனை வீட்டுக்குக் கொண்டு போகாதீங்கடி, இங்கயே அலசுங்க. துணியில ஒட்டிக்கிட்டுப் பாதரசம் உங்க வீட்டுக்கே வந்துடும்." வாசல்ல நின்னு நம்ம பையை இழுத்து இழுத்துப் பாப்பாங்களே! அவங்க ஏப்ரனைக்கூட இங்கதான் அவங்க பெட்டியில மடிச்சு...

அய்யோ, ஆண்டவா. அதை நேத்து நான்ல எடுத்துட்டுப் போனேன். துவைச்சு அவங்க மகன் கையில குடுக்கலாம்னு. காலையில வீட்டுல ஊறப்போட்டுட்டு வந்தேன். எம் பேத்தி துணி ஊறுற அதே வாளியில.