கர்ட்டுக்குச் சொன்ன யோசனை

கராஜில் ஹீட்டர் போட்டால் வண்டி துருப்பிடிக்காது என்று இந்த டுலூத் ஊரில் பாதிப் பேர் நம்புகிறார்கள். தப்பு. பனியை உருக்கச் சாலையில் கொட்டுகிற உப்பும் பனியும் சேர்ந்து வண்டியின் அடியில் அப்பிக்கொண்டு வீட்டுக்கு வரும். குளிரில் அது கல்லாகக் கிடக்கும், பெரிதாக ஒன்றும் செய்யாது. கதகதப்பில் உருகினால்தான் இரும்பைத் தின்னத் தொடங்கும். இரும்புச்சாமான் கடையில் வேலை பார்த்தவன் நான். அடியைக் கழுவுங்கள், காற்றோட்டம் விடுங்கள், கராஜ் குளிராகவே இருக்கட்டும் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். கர்ட்டுக்கு மட்டும்தான் மாற்றிச் சொன்னேன்.

கர்ட் சுண்ட்குவிஸ்ட் என் பக்கத்து வீட்டுக்காரன். தன் வாசல் பனியை மெஷினால் வாரி, என் வீட்டு வண்டிப்பாதையின் முனையில் குவித்துவிடுவான். பலமுறை நயமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ஜனவரியில் என் மனைவி மார்லிஸுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் அந்தக் குவியலில் சிக்கிக்கொண்டது. ஆட்கள் இறங்கி, இடுப்பளவு பனியில் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள். அடக்கம் முடிந்ததும் கர்ட்டிடம் கேட்டேன். சலித்துக்கொண்டான்.

"பனிதானே எய்னோ. நான் என்ன உன் வாசலப் பூட்டிட்டா போனேன்? வெயில் வந்தா தானா உருகிடப் போகுது."

அந்தப் பேச்சை அன்றைக்கே மனதில் முடிந்துவைத்தேன்.

அடுத்த இலையுதிர் காலத்தில் தன் பிக்கப் வண்டி துருப்பிடிக்கிறது என்று அவனே யோசனை கேட்டு வந்தான். கராஜைச் சூடாக வை, கதவை இறுக்கிச் சாத்து என்றேன். காற்றுப் புகாமல் கதவைச் சுற்றி நானே ரப்பர் பட்டை ஒட்டிக் கொடுத்தேன். பிறகு வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் குழாய்களில் அப்பியிருந்த உப்பைக் கழுவாமல், அதன் மேலேயே தடிமனாகக் கறுப்புப் பூச்சு பூசினேன். வெளியே பார்க்கப் புதுசு. உள்ளே ஈரம்.

கர்ட் நெகிழ்ந்துபோனான். "பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத ஆளுப்பா நீ" என்று தோளில் தட்டினான். நான் அவசரப்படவில்லை. குளிர்காலங்கள் ஒவ்வொன்றாகப் போயின.

போன வாரம் காலையில் அவன் கராஜ் வாசலில் பிரேக் எண்ணெய் சொட்டியிருந்ததைப் பார்த்தேன். எங்கள் தெரு செங்குத்தாக ஏரிவரைக்கும் இறங்குகிறது, உங்களுக்குத் தெரியும். காபி போட்டுக்கொண்டு சமையலறை ஜன்னலருகே உட்கார்ந்தேன்.

சாவியோடு வெளியே வந்தது கர்ட் இல்லை, அவன் மகள் லின்னேயா. மார்லிஸ் போன பிறகு, யாரும் கேட்காமலே என் படிக்கட்டுப் பனியைத் தள்ளிவிட்டுப் போகிற பெண். வெளியே நின்ற வண்டியின் கண்ணாடியில் விழுந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துக் கையசைத்தாள். நானும் அசைத்தேன்.

பிக்கப் ஏரிக்கரைச் சுவரில் மோதித்தான் நின்றது. ஆம்புலன்ஸ் இந்த முறை தடையில்லாமல் வந்தும் பயனில்லை.

கர்ட்டைக் கொல்லத்தான் செய்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். வெளியே ஈரப்பனி பெய்துகொண்டிருந்தது. திறந்தால் வீட்டுக்குள் ஈரம் வந்துவிடும்.