ரெண்டு பேர் விழுந்தாங்களாம்

இல்ல சார், நான் கண்ணால பாக்கல. அதை முதல்லயே சொல்லிடறேன். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். அம்மாவுக்குச் சொன்னது கூட நின்னு துணி மடிக்கிற அக்கா. அந்த அக்காவுக்கு வண்டி தள்ளுறவர். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல தடுப்பூசி போட்ட அன்னிக்கு ரெண்டு பேர் மயங்கி விழுந்தாங்களாம். அவ்வளவுதான் எனக்கு வந்த சேதி.

நீங்க கையில வெச்சிருக்கற வாட்ஸப் பிரிண்ட் நான் எழுதினது இல்ல. அதாவது... எழுதினது நான்தான், ஆனா அப்படி எழுதல. இருங்க, போன்லயே காட்டறேன். இது எங்க குடும்ப குரூப். என்ன போட்டிருக்கேன் பாருங்க. ஊசி போட்டு ரெண்டு பேர் விழுந்தாங்களாம், நெசமா, யாருக்காவது தெரியுமா. கேள்விதானே சார்? இப்ப உங்க பேப்பரைப் படிங்க. விழுந்தாங்க. கடைசி ரெண்டு எழுத்து போச்சு, கேள்வியும் போச்சு. கீழ புதுசா ஒரு வரி வேற, டிகிரி படிச்ச பொண்ணு விசாரிச்சுச் சொன்னதுன்னு.

நறுக்கி எல்லாருக்கும் அனுப்பினது எங்க மாமா. அம்மாவோட தம்பி, அதே சலவைக்கூடத்துல சூப்பர்வைசர். என்னைக் காலேஜ்ல சேக்கறப்ப கூட வந்து கையெழுத்து போட்டவர் சார். எங்க வீட்டுல முதல் டிகிரி நான்தான். இவ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவார். கடைசில அதையே எடுத்து அதுக்குக் கீழ ஒட்டிட்டார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த அக்காதான் வாசிச்சுக் காட்டியிருக்காங்க. அம்மா வாயில இருந்து வந்தது, என் பேரை மாட்டிக்கிட்டு அம்மா காதுக்கே திரும்பப் போயிடுச்சு. வெறுமனே கேட்டேம்மான்னு தலையில அடிச்சுக்கிட்டேன். எழுதினப்ப உண்மையத்தான் எழுதியிருப்ப, இப்ப யாரோ பயமுறுத்தி மாத்திப் பேசறன்னுட்டாங்க. நான் எழுதினதை நம்பறாங்க சார். நான் சொல்றதை நம்ப மாட்டேங்கறாங்க.

இங்க கேட்டிருக்கலாமா? கேட்டேனே. ஆபீசுக்குப் போன் பண்ணினேன். நோட்டீஸ்ல இருக்கு, படிச்சுக்கோம்மான்னு வெச்சுட்டாங்க. நோட்டீஸ்ல என்ன இருக்கு? ஊசி இல்லைன்னா வேலை இல்லை. ஒரே வரி. நான் ரூல் தப்புன்னு சொல்ல வரல. நோயாளி படுத்த விரிப்பைத் தொடறவங்க, போட்டுக்கணும்தான். நானே போட்டுக்கிட்டேன். ஆனா அம்மா கேட்டாங்க, நல்லதுன்னா ஏன்டி மிரட்டறாங்கன்னு. அதுக்குப் பதிலை நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

அம்மா வதந்தி பரப்பினாங்கன்னு எழுதிடாதீங்க சார். பத்தொம்பது வருஷமா இங்கதான் இஸ்திரி போடறாங்க. வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருக்காங்க, உள்ள வர மாட்டேங்கறாங்க. ஒரு வாரம் டைம் குடுங்க, நான் பேசி ஊசி போடக் கூட்டிட்டு வர்றேன்.

அந்த ரெண்டு பேரா? இருந்தாங்க சார், அது பொய்யில்ல. நேத்து ஊசி போட்ட நர்சம்மாவைப் போய்ப் பாத்தேன். காட்டக்கூடாதுன்னாங்க, அம்மா வேலை போகப்போகுதுன்னு அழுததும் ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாங்க. ஒருத்தர் காலையில எதுவும் சாப்பிடாம வரிசையில நின்னு விழுந்தவர். இன்னொருத்தர் ஊசியைப் பாத்ததுமே சரிஞ்சவர். ரெண்டு பேருமே போடறதுக்கு முன்னாடி.

அந்த ரெண்டாவது ஆளுக்குப் பயந்து விழுந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்திருக்கும், பழியை ஊசி மேல போட்டுட்டார். யாருக்காவது தெரியுமான்னு நான் கேட்டப்ப, அதே குரூப்லதான் சார் இருந்தார். இன்னிக்குக்கூட டியூட்டில இருக்கார், கீழ பாத்துட்டுதான் வர்றேன்.

படுக்க வெச்சு, பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டதுன்னு நர்சம்மா எழுதி வெச்சிருக்காங்க. திங்கக்கிழமை, காலையில பத்தே கால். பக்கத்துல, ஊசி போட்டுக்கிட்டவர் கையெழுத்து போடற இடத்துல, எங்க மாமா கையெழுத்து.