மூங்கிலை நேராக நட்டவன்

உங்கள் காவல் நிலையத்துத் தேநீர் பரவாயில்லை ஐயா. எங்கள் பனி பார்க்கும் சங்கத்தில் கொடுப்பதை வெந்நீர் என்று சொன்னாலே பெரிய மரியாதை.

நான் ஒரிஹாரா. ஏரி உறைந்தால் அதன்மேல் எங்கே நடக்கலாம் என்று சொல்வது என் வேலை. உளியால் துளைபோட்டுக் கனம் பார்ப்பேன். பிறகு அக்கரை வரை மூங்கில் குச்சிகளை வரிசையாக நடுவேன். அதை ஒட்டி நடந்தால் பச்சைக் குழந்தைக்கும் ஆபத்தில்லை. நடு ஏரியில் அடியிலிருந்து வெந்நீர் ஊறும் இடம் ஒன்று உண்டு. அங்கே மட்டும் பனி அப்பளம் மாதிரி இருக்கும். அதனால் வரிசை அங்கே வளைந்து போகும். இருபத்தாறு வருஷமாக வளைத்துத்தான் நட்டேன்.

எங்கள் ஏரியை வைத்து எழுதிய அந்தப் பழைய காதல் நாவலை நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். போலீஸ்காரர்களுக்கு நேரம் ஏது. நாயகி பெயர் மினோ. நீலச் சால்வை போர்த்திக்கொண்டு, உறைந்த ஏரியைத் தனியாகக் கடந்து, அக்கரையில் விளக்கோடு நிற்கும் காதலனிடம் போகிறாள். பாதி வழியில் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறாள். பத்தொன்பது வயதில் அந்தப் பக்கத்தைப் படித்தேன். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். அவள் பார்த்தது என்னைத்தான். காதலனோ வெறும் படகோட்டி. அவனிடம் என்னத்தைக் கண்டாள் என்று நாற்பத்தோரு முறை படித்தும் எனக்கு விளங்கவில்லை.

என் மனைவிக்கு நான் விளங்கவில்லை. "உங்களுக்குத்தான் புத்தகத்துக்குள்ள ஒருத்தி இருக்காளே, அவளையே சோறு பொங்கச் சொல்லுங்க" என்று தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். குக்கரையும் எடுத்துக்கொண்டாள். மினோ அதையெல்லாம் செய்ய மாட்டாள்.

ஏழு வருஷம் கழித்து இந்தக் குளிரில்தான் ஏரி உறைந்தது. உறைந்தால் மினோ கடந்ததை ஊரார் நடித்துக் காட்டுவோம். மினோவாகத் தபால் நிலையத்துப் பெண் கனோகோவைத் தேர்ந்தெடுத்தார்கள்.

"மாமா, ஒரு கடுதாசி போட்டா முடியற விஷயத்துக்கு இவ எதுக்கு ஏரியைத் தாண்டுறா? அதுக்கு முந்நூறு பக்கம் வேற" என்று கேட்டாள், சூயிங்கம் மென்றுகொண்டே.

நான் சிரித்தேன். எனக்குக் கோபமே வராது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கரையோரத்தில் ஒத்திகை. சால்வையைப் போர்த்திக்கொண்டு பத்தடி நடந்து, திரும்பிப் பார்த்தாள். ஐயா, அது மினோ. கையிலிருந்த உளி நழுவி விழுந்தது.

"சரியா பண்றேனா மாமா?"

"சரியாத்தாம்மா இருக்கு."

"விளக்கோட நிக்கப் போறது நம்ம தெய்ஜிதான். வசந்தத்துல எங்களுக்குக் கல்யாணம். நீங்க கட்டாயம் வரணும்."

தெய்ஜி, படகு வாடகைக்கு விடுகிறவரின் மகன். மறுபடியும் படகு. மனமார வாழ்த்தினேன்.

மறுநாள் காலை மூங்கிலை நேராக நட்டேன். மினோ வளைந்து போனதாக நாவலில் எங்கேயும் இல்லை. நடுவில் பனி இரண்டு விரல் கனம்கூட இல்லை. அளந்துதான் நட்டேன், வேலையில் நான் சுத்தம்.

"என்னப்பா ஒரிஹாரா, இந்தத் தடவை நேரா போகுது?" என்றார் சங்கத் தலைவர்.

"குளிர் ஜாஸ்திங்க. நல்லா இறுகியிருக்கு."

தலையாட்டிவிட்டுப் போனார். எங்கள் ஊரில் மூங்கிலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஊரே கரையில் நின்றது. அவள் தனியாகப் போனாள். பாதி வழியில் திரும்பினாள். முகம் தெரியாத தூரம்தான்; ஆனாலும் என்னைத்தான் பார்த்தாள். அடுத்த அடி வைத்தாள். பெரிய சத்தமெல்லாம் இல்லை. அக்கரையில் விளக்கு கீழே விழுந்ததைப் பார்த்துத்தான் கூட்டத்துக்கே புரிந்தது. பனிமேல் ஓடப்போன தெய்ஜியை அக்கரையில் இருந்த நான்கு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

கொலை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஒரு படகுக்காரனைப் பார்த்து எனக்கென்ன பொறாமை. நாற்பத்தோரு முறையும் அவனிடமே போய்ச் சேர்ந்தாள். இந்த ஒரு முறைதான் என்னைப் பார்த்ததோடு நின்றாள்.