தங்கச்சி எழுதிய முடிவு

மத்திகிரி டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திடீரென்று கத்தினார். "என் விரல வச்சு அமெரிக்காவுல நாடகம் போட்டுட்டாடா!"

அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.

"யாருண்ணா?" என்றான் பக்கத்தில் கம்பெனி யூனிஃபார்மில் இருந்தவன்.

"என் தங்கச்சிதான். நாடகம் எழுதி அங்க பெரிய பேரு வாங்கிட்டா. கம்பெனியில தகடு அழுத்துற பிரஸ் மெஷின்ல என் விரல் போனத எழுதி, வீடியோவும் அனுப்பியிருக்கா."

"தப்பா எழுதிட்டாங்களா?"

"எல்லாம் சரிதான். கை உள்ள போனா மெஷின நிறுத்துற சென்சார் கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லியும் மெஷின ஓட்டச் சொன்னானே சூப்பர்வைசர், அவனும் வர்றான். கடைசியில அவன நான் கட்டிப்புடிச்சு மன்னிக்கிறேனாம். சனம் எந்திரிச்சு நின்னு கை தட்டுது."

"நல்லாத்தானேண்ணா இருக்குது?"

"மன்னிக்க இவ யாருடா? நானே இன்னும் மன்னிக்கல!"

இறங்குவதற்கு முன் போனை வாயருகே வைத்துத் தங்கைக்குப் பேசி அனுப்பினார்.

"அந்த முடிவ மாத்து. மாத்துற வரைக்கும் என்ன அண்ணான்னு கூப்பிடாத."