ஜாம் ஜாடியின் மேல் என் கையெழுத்து

விண்ணை அளந்து விண்மீன்களை எண்ணும் எங்கள் வானியல் கழகத்தின் தலைவர் பேராசிரியர் ஆல்ம்கிரேன் அவர்களே! அவர் அருகே அருள்பொங்க வீற்றிருக்கும் ஆயர் பெருமகனாரே! பனியையும் பாராமல் இந்தச் சிலைத் திறப்புக்காக ஹேர்னோசண்ட் நகர மண்டபத்தை நிறைத்திருக்கும் பெரியோர்களே! மீனுக்கு உப்பிட்ட கையைக் கழுவிவிட்டு ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே! இதோ சிலையாகிவிட்ட தோர்கெல் ஹெட்வாலின் தங்கை ஒட்டிலியா, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

மேடையேறும்போது, "சுருக்கமா பேசுங்கம்மா" என்றார் தலைவர். சுருக்குவதில் அவர் வல்லவர். அந்த வல்லமையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

சூரியப் புள்ளிகளை ஆயுள் முழுதும் அளந்தவர் என் அண்ணன். கண்ணில் புரை விழுந்த பிறகு, அதுவரை அளந்ததை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடிதத்தின் மேல்பாதி கதிரவனுக்கு. கீழ்ப்பாதி நண்பர் ஆல்ம்கிரேனுக்கு. நண்பர் என்ன செய்வார்? கத்தரியால் வெட்டி, மேல்பாதியைக் கழக இதழின் அச்சகத்துக்கு அனுப்பிவிடுவார். குற்றமா? இல்லை, இதழ் நடத்துகிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். ஆனால், அறிவை அச்சுக்கு அனுப்பினீர்களே ஐயா, அழுகையை எங்கே அனுப்பினீர்கள்?

கைதட்டாதீர்கள், அம்மா. இன்னும் நான் முடிக்கவில்லை.

புரை நீக்கும் மருத்துவர் உப்சாலா நகரில், தலைவர் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தார். உதவி கேட்டுக் கோடையில் எழுதினோம். இலையுதிர் காலத்தில் எழுதினோம். பனிக்காலத்திலும் எழுதினோம். புள்ளிக் கணக்கு அருமை, இன்னும் அனுப்பு என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. நான் திட்டினேன். அண்ணன் நண்பரை விட்டுக்கொடுக்கவில்லை.

"அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும் ஒட்டிலியா. நீ வாயை மூடிட்டு அடுத்த கடுதாசிய எழுது."

அஞ்சல் நிலையம் எங்களுக்கு வளைகுடாவின் மறுகரையில். கடைசிக் கடிதத்துக்குப் பதில் வந்ததா என்று பார்க்க, நான் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில், பழகிய பாதைதானே என்று உறைந்த வளைகுடாவின் பனிமேல் நடந்தார். கறுத்த பனி காலைத் தாங்காது என்பது இந்த ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். கறுப்பு எது, வெளுப்பு எது என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. சிற்பியாரே, சிலைக்குக் கண்ணை எவ்வளவு அழகாகத் திறந்து வைத்திருக்கிறீர்கள்!

அடக்கம் முடிந்தபின், பார்வை மங்குமுன் அவர் கடைசியாக வரைந்த சூரியப் படங்களைக் கொடுக்க உப்சாலா போனேன். பேராசிரியரின் மனைவி எப்பா அம்மையார் காப்பி கொடுத்தார். ரொட்டிக்கு லிங்கன்பெர்ரி ஜாம் எடுத்து வைத்தார். ஜாடியின் வாயை மூடிக் கட்டியிருந்த தாளில் என் கையெழுத்து! முதல் கடிதத்தின் கீழ்ப்பாதி அது. அந்த அம்மையார் பாவம், ஒளிக்கவில்லை.

"மிச்சத் தாளை மேசையிலேயே போட்டுடுவார்மா. கெட்டித் தாளாச்சே, தூக்கிப்போட மனசு வரல."

நாங்கள் பதிலுக்குக் காத்திருந்தபோதே எங்கள் கண்ணீர் ஜாமுக்கு மூடியாகிவிட்டது! சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது கழகத்தார் அண்ணனின் கடிதங்களை நூலாகப் போடுகிறார்களாம். என்னிடம் உள்ள நகல்கள் வேண்டுமாம், ஆனால் சொந்த விஷயங்களை நீக்கிவிடுவார்களாம். இன்னும் அந்தக் கத்தரி கீழே இறங்கவில்லை! ஒரு சொல்லும் வெட்டமாட்டோம் என்று தலைவர் இந்தச் சபையில் வாய்திறந்து சொல்லட்டும், இன்றே தருகிறேன். இல்லையென்றால் ஒரு தாளும் தரமாட்டேன்.

இதோ, அந்த ஜாடி. எப்பா அம்மையாரிடம் கேட்டு வாங்கி வந்தேன். தலைவர் அவர்களே, இந்தத் தாளை இப்போதாவது வாசியுங்கள். என்ன? மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டீர்களா? பரவாயில்லை, பார்வையில்லாதவருக்கு வாசித்துக் காட்டிப் பழகியவள் நான்.

"கத்திக்குப் பயமில்லைடா. கண்ணக் கட்டினப்புறம் இருட்டுல தனியா கிடக்கத்தான் பயம். உன் வீட்டுல ஒரு மூலை குடு. கையப் பிடிச்சுக்க நீ இருந்தா போதும்."

பெரியோர்களே, தாய்மார்களே! மேல்பாதியோடு எழுந்து போகாமல் கீழ்ப்பாதியையும் கேட்டீர்கள். என் அண்ணனுக்குக் கிடைக்காத அந்தப் பொறுமைக்கு என் நன்றியும் வணக்கமும். தலைவரின் பதிலுக்காக, அண்ணனைப் போலவே, நானும் காத்திருக்கிறேன்.