காலிப் பொட்டலம்

எங்கள் அலுவலகத்துக்கு யார் வந்தாலும் செருப்பை வாசலிலேயே கழற்றச் சொல்வேன். முதலாளி மாரிசாமிகூடக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். கீழே மாவு மில், கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது. உங்கள் ஸ்டேஷனில் அந்த வழக்கம் இல்லை, பரவாயில்லை சார். நேற்று வாயால் சொன்னதை இன்று எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறீர்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் கோவிந்தப்பன். ஓசூரில் பாகலூர் ரோட்டில் எங்கள் கம்பெனி இருக்கிறது. லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள். எங்கெங்கோ இருப்பவர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி, இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குத் தகுந்த மாதிரி ஒரு சிடியில் கட்டிக் கொடுக்கிறோம். கட்டுவது என் வேலை. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொட்டலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் தனியாக ஓடாது. ஒவ்வொன்றின் மேலும், எனக்கு இன்னது வேண்டும், அதிலும் இந்தப் பதிப்புதான் வேண்டும் என்று எழுதியிருக்கும். கேட்டது இல்லையென்றால் கம்ப்யூட்டர் அந்தப் பொட்டலத்தைச் சேர்க்காது. ஒன்று கேட்பது இன்னொன்றுக்கு ஆகாது. சண்டையில்லாமல் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் குடிவைக்க வேண்டும். எனக்கு அது பிடிக்கும்.

குல்ஷன் போன வருடம் சேர்ந்தாள். கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பெண். தினமும் பஸ்ஸில் வந்துபோவாள். நல்ல பெண் சார். வீட்டிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் எனக்கு ஒரு பங்கு எடுத்துவைப்பாள்.

கிருஷ்ணகிரிக்கு வெளியே அந்த மாங்கூழ் தொழிற்சாலைக்காக அவள் ஒரு மென்பொருள் எழுதினாள். அங்கே குளிர் அறையை அம்மோனியா வாயுவால் குளிரவைக்கிறார்கள். கசிந்தால் உள்ளே இருப்பவர் பிழைப்பது கஷ்டம். அறைக்குள் ஒரு சென்சார் இருக்கிறது. அது சொல்லும் அளவைப் படித்து, வெளியே திரையில் எண்ணாகக் காட்டி, கூடினால் சங்கு ஊதவைப்பது அவள் மென்பொருள். அங்கே எப்போதுமே லேசான நெடி இருக்கும். அதனால் மூக்கை நம்பாதீர்கள், திரையைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறங்கள் என்று அங்கே வேலை செய்யும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

இந்த வருடம் எல்லாப் பொட்டலங்களையும் புது லைப்ரரிக்கு மாற்றினேன். லைப்ரரி என்றால் எல்லா மென்பொருளும் உட்காரும் பொதுவான அடித்தளம். எல்லாம் மாறின. குல்ஷனுடையது மட்டும் பழையதைக் கேட்டது.

"புதுசுல சென்சார் நம்பர் தப்பா வருதுங்ணா," என்றாள். "நான் மாத்தி எழுதற வரைக்கும் பழசும் ஒரு ஓரமா இருக்கட்டுமே."

"ஒரே சிடில ரெண்டு லைப்ரரியா? அசிங்கமா இருக்கும்மா."

"இருந்தா இருக்கட்டுங்ணா. ஆளுங்க உசுரு சமாச்சாரம்."

மாரிசாமி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு சொல்றது செரிதானப்பா. உனக்கு எப்பவும் ஊட்டைத் தொடச்சு வெச்ச மாதிரியே இருக்கணும்," என்று சிரித்தார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். குல்ஷனும் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. நானும் சிரித்தேன்.

இரண்டையும் வைக்க சிடியில் இடம் இருந்தது. அதை நான் மறைக்கவில்லை.

அந்த வாரமே, பழையதற்குப் பதிலாக, யாரிடமும் சொல்லாமல் ஒரு காலிப் பொட்டலம் செய்தேன். மேலே பழைய லைப்ரரியின் பெயர், பழைய பதிப்பு எண். உள்ளே ஒன்றும் கிடையாது, புதியதைக் கைகாட்டும் ஒரு சுட்டி மட்டும். பழையது இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் கேட்டால் இருக்கிறது என்று பதில் வரும். குல்ஷனின் மென்பொருள் எந்தப் புகாரும் இல்லாமல் புதியதன் மேல் ஏறிக்கொண்டது. ஒரு எச்சரிக்கை வரிகூட வரவில்லை. அவ்வளவு சுத்தமாக நான் அதுவரை எதையும் கட்டியதில்லை.

சோதித்தும் பார்த்தேன். ஒரு சென்சார் எங்கள் அலுவலகத்தில் இருந்தது. ஒரு அம்மோனியா புட்டியைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தேன். கண்ணில் நீர் கொட்டியது, தொண்டை எரிந்தது. திரையில் பூஜ்யம். புட்டியை மூடி, முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் பூஜ்யம்தான்.

குல்ஷன் தொழிற்சாலைக்குப் போய்ச் சோதிப்பாள், எல்லோர் முன்னாலும் பூஜ்யம் காட்டும், அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். அவ்வளவுதான் நினைத்தேன். சிடியைத் தொழிற்சாலைக்கு அனுப்பினேன். அங்கே அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டார்கள்.

சோதிக்கப் போகவேண்டிய அன்று காலை அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"நீ போவேணாம்மா," என்றேன். "நானே அமோனியா வெச்சுப் பாத்துட்டேன். செரியா இருக்குது."

"நெசமாவாங்ணா? ரொம்ப தேங்க்ஸ்ங்ணா." பையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நேற்றும் கேட்டீர்கள். மழை பெய்துகொண்டிருந்தது சார். அவ்வளவு தூரம் நனைந்துகொண்டு போவானேன் என்று தோன்றியது.

மாம்பழ சீசன் நடுவில் அங்கே ஒரு வால்வு பழுதாகிவிட்டது. மூடியிருந்த குளிர் அறை முழுக்க வாயு நிரம்பியது. முனிலட்சுமி, சென்னம்மா என்று இரண்டு பெண்கள் கூடைகளை எடுக்க வந்தார்கள். கதவைத் திறக்கும் முன் இருவரும் திரையைப் பார்த்தார்களாம். கொஞ்சம் தள்ளி நின்ற சூப்பர்வைசர் சொன்னார். முனிலட்சுமி பக்கத்தில் நின்றவளிடம், "ஒண்ணுமில்ல, வா," என்றாளாம். சென்னம்மா கதவருகிலேயே விழுந்துவிட்டாள். முனிலட்சுமி கண் தெரியாமல் உள்பக்கமாக ஓடியிருக்கிறாள்.

குல்ஷன் சாவுக்குப் போய்வந்தாள். அதன்பிறகு சாப்பிடாமல் தன் மென்பொருளையே திரும்பத் திரும்பப் படித்தாள். அவளுடைய கம்ப்யூட்டரில் அசல் பழைய லைப்ரரி இருந்தது. அங்கே எல்லாம் சரியாகவே ஓடியது. அதனால் அவளுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

"எங்க தப்பு பண்ணேன்னே தெரியலீங்ணா. நீங்களும் கொஞ்சம் பாருங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பல நாள் மாலை சேர்ந்து தேடினோம். அவள் சொல்லச் சொல்ல நானே கீபோர்டில் தட்டினேன். கடைசியில் ஒரு வரியைக் காட்டினேன். நல்ல வரி, அதில் ஒரு குறையும் இல்லை. "இதுவா இருக்குமோம்மா?" என்றேன். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஆமாங்ணா, இதுதான்," என்றாள். அழுகைகூட நின்றுவிட்டது. மறுநாள் உங்களிடம் வந்து, இரண்டு பேரையும் கொன்றது நான்தான் என்று எழுதிக் கொடுத்தாள்.

என்னை நீங்கள் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். நானும் அப்படியே போயிருப்பேன். ஆனால் பெங்களூரிலிருந்து இரண்டு இன்ஜினியர்கள் வந்து அந்த சிடியை ஆராயப்போகிறார்கள் என்றீர்கள். காலிப் பொட்டலத்தை அவர்கள் பார்த்துவிடுவார்கள். பார்த்துவிட்டு, கட்டியவன் கவனக்குறைவாக விட்ட பிழை என்று எழுதுவார்கள். அது பிழை இல்லை சார். பூஜ்யம் வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன், தெரிந்துதான் அவளைப் போகவிடாமல் செய்தேன். அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

இன்று காலை இதையெல்லாம் அவளிடம் சொன்னீர்கள். அவள் நம்பவில்லை என்றீர்கள். "அண்ணன் எனக்காகப் பழிய ஏத்துக்கறாரு, அவரை உட்டுருங்க," என்று உங்கள் காலில் விழுந்தாளாம். தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளவும் மாட்டேன் என்கிறாளாம்.

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை சார். நான் அவளிடம் ஒருநாளும் கடிந்து பேசியதில்லை.