பூட்டிக் கிடந்த மூன்று வீடுகள்

ஓடுகிறோம். கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறிவிட்டது. கீழ் வளைவில் ஜீப் கியர் மாற்றும் சத்தம். முதலில் இழுக்கும். பிறகு சற்று அடங்கும். எங்கள் மேட்டுக்கு ஷேர் ஜீப் வராது. அப்படியென்றால் இது வேறு ஜீப். பாறைமேல் நின்று கொழுந்தன் காசி கத்துகிறான்.

"ஜீப்பு வருது. ஓடுங்க, ஓடுங்க."

களி கிண்டிக்கொண்டிருந்தேன். அப்படியே விட்டேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். ஓடும்போதும் பூட்டுவோம். திறந்து கிடந்தால் கோழி மிஞ்சாது. நாங்கள், காசி, நாத்தனார் என்று மூன்று வீட்டு ஆட்களும் மூங்கில் புதருக்குள் போய்க் குந்தினோம். என் வீட்டுக்காரர் மாணிக்கம் ஆட்டுக்குட்டியின் வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் மலையில், நெல்லிவாசல்நாட்டில், இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜீப் வந்தால் காடு. ஃபாரஸ்ட்காரர்கள் விறகு ஏது என்பார்கள், தேன் ஏது என்பார்கள். பதில் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட ஓடுவது மேல். அழுகிற பிள்ளைகூட அந்தச் சத்தத்துக்கு வாயை மூடும்.

ஜீப் நின்றது. கதவு இரண்டு முறை அறைந்தது.

"வூட்ல யாராவது இருக்கீங்களா?"

நாங்கள் புதருக்குள் இன்னும் நகர்ந்தோம். கொஞ்ச நேரத்தில் ஜீப் இறங்கிப் போனது. தப்பித்தோம் என்று திரும்பி வந்தோம். தீய்ந்த களியைச் சுரண்டித் தின்றோம்.

வந்தவர் கோர்ட்டு அனுப்பிய வக்கீல். எங்களுக்காக வந்தவர்.

நிலம் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் பெயரில் இருந்தது. மாமனார் காலத்திலிருந்து நாங்கள் அதில் வாரத்துக்குப் பயிர் வைத்தோம். சாமையில் அவருக்குப் பாதி, புளியில் பாதி. எல்லாம் வாய்ப்பேச்சுதான். நிலத்துக்காரப் பெரியவர் இருந்தவரை தொந்தரவில்லை. அவர் போனதும் மகன் நிலத்தை விற்கப் பார்த்தார். எங்களை வெளியே போகச் சொன்னார்.

உழுகிற குத்தகைக்காரரை அப்படி விரட்ட முடியாது என்றார் எங்கள் வக்கீலம்மா. ஆனால் நாங்கள்தான் அங்கே குடியிருந்து உழுகிறோம் என்று கோர்ட்டுக்குத் தெரிய வேண்டும். நேரில் பார்த்து எழுத ஆள் அனுப்பச் சொல்லிக் கேட்டதே அவர்தான். நாள் குறித்ததும் போன் போட்டிருக்கிறார். மலையில் டவர் எடுக்காது.

வந்தவர் பார்த்ததை எழுதினார். மூன்று வீடும் பூட்டிக் கிடக்கின்றன. ஆள் இல்லை. நிலத்தில் பயிர் இல்லை. சாமை அறுத்த வாரம் அது. மகன் தரப்பு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இவர்கள் விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது என்றார்கள்.

"இன்னாம்மா இது? உங்களுக்காக வந்தவர பாத்து ஏம்மா ஓடுனீங்க?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"ஜீப்புல வந்தாங்களே மேடம்," என்றார் என் வீட்டுக்காரர்.

பயந்து ஒளிந்தோம் என்று கோர்ட்டில் சொன்னோம். உரிமை உள்ளவன் ஏன் ஒளிகிறான் என்று எதிர்த்தரப்பு கேட்டது. கேள்வியில் தப்பில்லை. கேட்டவர் மலையில் பிறக்கவில்லை, அவ்வளவுதான். தீர்ப்பு அவர்கள் பக்கம் போனது.

பங்குனி. வெள்ளிக்கிழமை காலை. ஜேசிபி ஏறி வருகிறது. இந்தச் சத்தம் வேறு. தரை வழியாகக் காலுக்கு வருகிறது. யாரும் ஓடவில்லை. இந்த முறை ஓடக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். அவரவர் வாசலில் நின்றோம். நாங்கள் இருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று நின்றோம். பார்க்க வந்தவர் யாரும் அதில் இல்லை.

"தள்ளு, தள்ளு. செவுரு வுழுது."

என் வீட்டுக்காரர் நகரவில்லை. ஜேசிபியோடு வந்த இரண்டு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வரப்பில் உட்கார வைத்தார்கள். அவர் திமிறவில்லை. சுவர் விழுந்தது. மண் சுவர். நெல் மூட்டையை இறக்கிப் போட்டால் வருமே, அவ்வளவு சத்தம்தான். எனக்கு அழுகை வரவில்லை. அலுப்பாக இருந்தது.

இப்போது திருப்பத்தூரில் வாடகை வீடு. முதலில் ஒப்பந்தம் எழுதி வாங்கு என்றார் வக்கீலம்மா. வாங்கினோம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அப்பீல் போட்டிருக்கிறார். போகும்போதெல்லாம் அடுத்த மாதம் என்கிறார். நானும் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

போனவற்றைச் சொல்கிறேன். வீடு மூன்று. ஆட்டுப்பட்டி ஒன்று. புளியமரம் ஒன்பது, உலுக்காத பழத்தோடு. மாமனாரைப் புதைத்த இடம், வேலிக்குள்ளே போய்விட்டது. காசியும் அவன் பெண்டாட்டியும் குடகுக் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள். மூன்றாம் வீட்டு நாத்தனார் எங்கே என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் என்னோடுதான் இருக்கிறார். வரப்பில் உட்கார வைத்ததிலிருந்து வாய் திறப்பதில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார். போனவற்றில் அவரையும் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.